அறுபத்தோராம் பக்கத்தில் நிமிர்ந்தவள்

திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி
போன செவ்வாயோடு போய்விட்டது.
புத்தகம் இன்னும் என் பையில்தான்,
சோற்றுப்பெட்டிக்கு அடியில்,
ஒரு மூலையில் பருப்பின் மஞ்சள் பட்டு.

கதை இதுதான்.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றில்
ஒரு துரைசாணி பங்களாக் குளத்தில் மிதக்கிறாள்.
நூற்றுமுப்பது வருஷம் கழித்து
அவள் வழியில் வந்த ஒருத்தி
லண்டனிலிருந்து பெட்டி இழுத்து வருகிறாள்.
அங்கே ஓர் அத்தியாயம், இங்கே ஓர் அத்தியாயம்.
துரைசாணி கதவில் கைவைத்தால் விட்டுவிடுவார்கள்,
இவள் அதே கதவைச் சாத்திக்கொண்டு தொடங்குவாள்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது:
கொட்டகலையில் இறங்க வேண்டியவள்
ஹட்டன் வரை போய்விட்டேன்.
இரண்டு தடவை.

ஆனால் ஜூலையில் புல்லில் உறைபனியாம்.
ஜூலையில் இங்கே குடைக்கம்பி மிஞ்சினாலே புண்ணியம்.
எழுதியவர் மலை ஏறியதே இல்லை
என்று முடிவுகட்டி மூடினேன்.
தலவாக்கலை தாண்டுமுன் திறந்துவிட்டேன்.

பிறகு அந்தப் பதிவகம்.
லண்டன்காரி உள்ளே வருகிறாள்,
எழுதுவினைஞர் புன்னகைக்கிறார்,
தூசு தட்டுகிறார்,
அரை மணியில் உண்மை கிடைத்துவிடுகிறது.
நுவரெலியாவில் அந்த நாற்காலியில்
பதினோரு வருஷமாக இருப்பவள் நான்.
பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நான் புன்னகைப்பதில்லை.

சன்னாசி என்றொருவர் ஆறு மாதமாக வருகிறார்,
செத்துப்போன அம்மாவின் பெயரைத் தேடி.
பிறப்பில் செல்லாயி,
கலியாணத்தில் சில்லாய்,
செக்ரோலில் சீலையி.
ஒருத்தியை மூன்று பேராக்கி வைத்துவிட்டு
மூவரும் ஒருத்திதான் என்று
சத்தியக்கடதாசி கொண்டுவரச் சொன்னோம்.
சொன்னது நான்தான்.
அவர் தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

கொன்றது டாக்டர்.
நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்திலேயே எனக்குத் தெரியும்.
எனக்கு வேண்டியது அது இல்லை.

அறுபத்தோராம் பக்கத்தில்,
துரைசாணி குளத்துப் பக்கம் நடக்கும்போது,
மேல்மலையில்
‘ஒரு கொழுந்துக்காரி நிமிர்ந்து பார்த்தாள்,
மறுபடி குனிந்தாள்.’
அவ்வளவுதான்.
அவள் வருவாள் வருவாள் என்று
முந்நூறு பக்கம் காத்திருந்தேன்.
கடிதங்களைக் கேட்டார்கள்,
கடிகாரத்தைக் கேட்டார்கள்,
துரைசாணியின் நாயின் கழுத்துப்பட்டியைக்கூடக் கேட்டார்கள்.
மலையில் நின்று எல்லாம் பார்த்தவளை
இரண்டு நூற்றாண்டிலும் ஒருவரும் கேட்கவில்லை.

மறந்துவிட்டாரா,
இல்லை, நான் இப்படித் தவிக்கட்டும் என்றே
அவளை அங்கே விட்டுப் போனாரா?
எழுதியவர் மேல் கோபப்படுவதா
கும்பிடுவதா என்று தெரியாமல்
மூன்று இரவு தூக்கம் போனது.

ஏனென்றால் அதே ஆள்தான் இதையும் எழுதியிருக்கிறார்:
துரைசாணி செத்த மறுநாள் காலை
வழக்கம்போல் குளிக்க வெந்நீர் சுமந்து வருகிறவன்
வாசலில் நிற்கிறான்.
யாரும் வாங்கவுமில்லை, போ என்று சொல்லவுமில்லை.
வாளி ஆறும்வரை நிற்கிறான்.
கடைசியில் அழுவாய் என்று பௌஸியா சொல்லியிருந்தாள்.
கடைசியில் எனக்குக் கொட்டாவிதான் வந்தது.
அழுதது இந்த இடத்தில்,
நானுஓயா வளைவில்,
பக்கத்துச் சீட்டுக்காரர் கண்ணாடியைச் சாத்தினார்,
சாரல் என்று நினைத்து.

நேற்று அறுபத்தோராம் பக்க ஓரத்தில்
பென்சிலால் அவளுக்கு ஒரு பெயர் எழுதினேன்.
அழித்தேன்.
எந்த எழுத்துக்கூட்டலில் எழுதுவது?

இரண்டாம் பாகம் வருகிறதாம்.
லண்டன்காரி திரும்ப வருகிறாளாம்,
இந்தத் தடவை தொழிற்சாலையில் ஒரு எலும்புக்கூடாம்.
பௌஸியா சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
இதுவும் ஒரு கதையா என்று கேட்டுவிட்டு
நூலகத்தில் என் பெயரையும்
வரிசையில் போடச் சொன்னேன்.